பென்சில்வேனியாவில் இறங்கிய ஜெர்மானியரின் சொந்த ஊரைத் தேடுவது எப்படி?

மகள் கல்யாணம் நிச்சயமானதும் சம்பந்தியம்மாவிடம் நான் கேட்ட முதல் கேள்வி, நம் வழக்கப்படி, "உங்களுக்குப் பூர்வீகம் எந்த ஊர்?" என்பதுதான். "நாங்கள் பென்சில்வேனியா டச்சு" என்றார். ஊர் அவருக்குத் தெரியவில்லை. அவருடைய அம்மாவுக்கும் தெரிந்திருக்கவில்லை. வீட்டில் இருந்தது ஒரு கனத்த ஜெர்மன் பைபிள். அதன் உள்பக்கத்தில் பழுப்பேறிய மையில் பதினொரு பெயர்கள், பிறந்த தேதிகள். அவ்வளவுதான்.

பேத்தி பிறந்த பிறகு, அவளுக்கு அப்பா வழியிலும் ஒரு ஊர்ப்பெயர் சொல்லக் கிடைக்கவேண்டும் என்று தேட உட்கார்ந்தேன். நான்கு வருடம் ஆனது. அதில் எட்டு மாதம் முழுக்கத் தவறான ஆளின் பின்னால் போனேன். இப்போது நம்மவர்கள் பலர் வீட்டிலும் இப்படி ஒரு மருமகனோ மருமகளோ இருக்கிறார்கள். அவர்களுக்காகத் தேடப்போகிறவர்களுக்கு என் நான்கு வருடம் பாதியாகவாவது குறையட்டும் என்று எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் இந்தத் தேடலில் கரை சேர முடியாது. ஒரே கப்பலில் மூன்று ஹான்ஸ் மில்லர்கள் வந்திருப்பார்கள். அந்த மூவரில் நம் ஆள் யார் என்று காட்டிக்கொடுப்பவர்கள் அவரோடு வந்தவர்கள்: பக்கத்து நிலத்துக்காரர், பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நின்றவர், உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர். இவர்களைக் குறித்துக்கொண்டே போனவர்களுக்கு ஊர் கிடைக்கிறது.

யார் இவர்கள்?

"டச்சு" என்ற சொல்லை நம்பி நான் முதல் மாதம் நெதர்லாந்துப் பக்கம் தேடினேன். அந்தக் கால ஆங்கிலேயர்கள் ஜெர்மன் பேசுகிறவர்களையும் டச்சு என்றே சொன்னார்கள். ஜெர்மானியர்கள் தங்கள் மொழியை 'டாய்ச்' என்பார்கள். அதுவும் இதுவும் ஒரே வேர்.

1700களில் ஜெர்மனி என்று ஒரு தனிநாடு கிடையாது. அது உருவானது 1871இல். அதற்கு முன் நூற்றுக்கணக்கான சிறு ஆட்சிப் பகுதிகள். ரைன் நதிக்கரையிலுள்ள பாலடினேட், அதன் கிழக்கே க்ரைக்காவ், வுர்ட்டம்பெர்க், பாடன், ஹெஸ்ஸன், அல்சாஸ், இவற்றோடு சுவிட்சர்லாந்து. பென்சில்வேனியாவுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் இந்தத் தென்மேற்கு மூலையிலிருந்து கிளம்பியவர்கள். ஆங்கிலேய எழுத்தர்கள் எல்லோரையும் சேர்த்து 'பாலட்டைன்' என்று எழுதிவைத்தார்கள். எனவே ஆவணத்தில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் பாலடினேட் ஊர்களிலேயே தேடலை நிறுத்திக்கொள்ள வேண்டாம்.

வந்த அலைகள் மூன்று என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். 1683இல் க்ரேஃபெல்ட் நகரத்திலிருந்து பதின்மூன்று குடும்பங்கள் 'கான்கார்ட்' கப்பலில் வந்து, ஃபிலடெல்ஃபியாவை அடுத்து ஜெர்மன்டவுனை உண்டாக்கின. 1709இன் கொடுங்குளிருக்குப் பிறகு ஆயிரக்கணக்கானோர் லண்டனில் போய்க் குவிந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினரை 1710இல் நியூயார்க்குக்கு அனுப்பி, ஹட்சன் நதிக்கரையில் கப்பல்களுக்கான தார் காய்ச்ச வைத்தார்கள். பத்திரிகைச் சுதந்திர வழக்கால் பெயர் பெற்ற அச்சுக்காரர் ஜான் பீட்டர் ஸெங்கர், சிறுவனாக அந்தக் கூட்டத்தில் வந்தவர். தந்தை கடலிலேயே இறந்துபோனார். மூன்றாவதுதான் பெரிய அலை. 1727 முதல் 1775 வரை, ராட்டர்டாமில் ஏறி, இங்கிலாந்தில் நின்று, ஃபிலடெல்ஃபியாவில் வந்து இறங்கிய பல்லாயிரம் பேர். உங்கள் ஆள் பெரும்பாலும் இந்த மூன்றாம் அலையில்தான் இருப்பார்.

கடலைத் தாண்ட அவசரப்படாதீர்கள்

புதிதாகத் தேடுகிறவர்கள் எல்லோரும் செய்வது, ஜெர்மன் இணையதளத்தில் பெயரைத் தட்டிப் பார்ப்பது. நானும் அதைத்தான் செய்தேன். ஒத்த பெயர்கள் ஐம்பது வந்து விழும், ஒன்றும் உதவாது. இன்று உயிரோடு இருப்பவரிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிப் போங்கள். ஒவ்வொரு படியிலும் "இவர்தான் அவர் மகன்" என்பதற்கு ஓர் ஆவணம் கையில் இருக்கவேண்டும். மகன், தந்தை, பாட்டன் என்று எட்டு ஒன்பது படி இறங்கினால் 1740களுக்கு வந்துவிடலாம்.

1850க்குப் பிந்திய படிகள் எளிது. அந்த ஆண்டிலிருந்துதான் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில் வீட்டிலுள்ள எல்லோருடைய பெயரும் இருக்கிறது. 1790 முதல் 1840 வரை குடும்பத் தலைவரின் பெயர் மட்டும், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. இந்த இடைவெளியில்தான் பல தேடல்கள் அறுந்துபோகின்றன. உயிலும் நிலப் பத்திரமும் வரிப் பட்டியலும்தான் அதை இணைக்கும்.

வரிப் பட்டியலைப் பலரும் ஒதுக்கிவிடுவார்கள், எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. கல்யாணமாகாத, இருபத்தொரு வயது தாண்டிய ஆண்களைத் தனியாக எழுதி வரி போட்டிருப்பார்கள். ஒருவர் எந்த ஆண்டு அந்தப் பகுதியில் முளைக்கிறார், எந்த ஆண்டு அங்கிருந்து மறைந்து நிலமும் மாடும் உள்ளவர்கள் வரிசைக்கு மாறுகிறார் என்று பார்த்தால், பிறந்த ஆண்டும் கல்யாண ஆண்டும் ஏறக்குறையத் தெரிந்துவிடும். எந்தப் பதிவேட்டிலும் அந்தக் கல்யாணம் இல்லாதபோதும்கூட.

உயில் கிடைத்தால் அதிர்ஷ்டம். உயில் எழுதாமல் இறந்தவர்களுக்கு அனாதைப் பிள்ளைகள் நீதிமன்றம் என்ற ஒன்று இருந்தது. தந்தை இறந்தாலே பிள்ளைகளின் பங்கை அந்த நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். பதினான்கு வயது நிரம்பிய பிள்ளை தன் பாதுகாவலரைத் தானே தேர்ந்தெடுக்கலாம், குறைந்த வயதுப் பிள்ளைகளுக்கு நீதிமன்றமே நியமிக்கும். இந்த ஒரு வரியிலேயே பிள்ளைகளின் வயது தெரிகிறது. பாதுகாவலராக வந்தவர் யார் என்று கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். பல வீடுகளில் அவர் தாய்மாமன்.

நிலத்துக்கு மூன்று கட்டங்கள்: நிலம் கேட்டுப் பெறும் உத்தரவு, சர்வே, பட்டா. ஹாரிஸ்பர்க்கில் உள்ள பென்சில்வேனியா மாநில ஆவணக் காப்பகத்தில் மூன்றும் இருக்கின்றன, இணையத்திலும் நிறையப் பார்க்கலாம். பட்டா வாங்கியது சில சமயம் பேரன் காலத்தில் இருக்கும், அதைக் கண்டு குழம்பவேண்டாம். சர்வே வரைபடம்தான் பொக்கிஷம். நான்கு எல்லையிலும் யார் நிலம் என்று பெயர் எழுதியிருக்கும். நம் பத்திரங்களில் 'இன்னாருடைய நிலத்துக்கு வடக்கு, இன்னாருடைய நிலத்துக்குக் கிழக்கு' என்று செக்குபந்தி எழுதுவோமே, அதேதான். அந்த நான்கு பேரையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

எல்லை மாற்றங்களையும் கவனிக்கவேண்டும். இன்றைய கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) பெயரில் தேடினால் பழைய ஆவணம் கிடைக்காது. 1682இல் பென்சில்வேனியாவில் இருந்தவை மூன்று கவுண்டிகள்: ஃபிலடெல்ஃபியா, பக்ஸ், செஸ்டர். லான்காஸ்டர் 1729இல் பிறந்தது, யார்க் 1749இல், பெர்க்ஸும் நார்த்தாம்ப்டனும் 1752இல், லெபனான் 1813இல். அதாவது குடும்பம் ஒரே வீட்டில் நகராமல் இருந்திருக்கும். அவர்கள் உயில் மட்டும் ஒரு தலைமுறைக்கு லான்காஸ்டரிலும் அடுத்த தலைமுறைக்கு வேறு கவுண்டியிலும் கிடக்கும்.

குடும்பம் பென்சில்வேனியாவிலேயே இருந்தது என்றும் எண்ணவேண்டாம். நிலம் விலை ஏறியதும் பெரிய வண்டிச் சாலை வழியாக மேரிலாந்து, வர்ஜீனியாவின் ஷெனாண்டோவா பள்ளத்தாக்கு, வட கரோலினா என்று தெற்கே இறங்கியவர்கள் ஏராளம். வட கரோலினாவில் தொடங்கும் ஒரு குடும்பத்தின் முதல் அமெரிக்கத் தலைமுறை பென்சில்வேனியாவில் கிடைப்பது சாதாரணமாக நடக்கிறது.

பெயர் எப்படியெல்லாம் மாறும்

ஜனாதிபதி ஐசனோவரின் முன்னோர் 1741இல் வந்த ஹான்ஸ் நிக்கோலஸ் ஐசன்ஹவர். இரும்பு வெட்டுபவர் என்று அர்த்தம். ஹெர்பர்ட் ஹூவரின் முன்னோர் 1738இல் வந்தபோது ஹூபர். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையை நடத்திய தளபதி பெர்ஷிங்கின் முன்னோர், வந்த புதிதில் ஃபோர்ஷின். யாரோ அதிகாரி துறைமுகத்தில் பெயரை மாற்றிவிட்டார் என்று குடும்பங்களில் கதை சொல்வார்கள். நடந்தது அதுவல்ல. ஆங்கில எழுத்தர்கள் காதில் விழுந்ததை எழுதினார்கள், இரண்டு மூன்று தலைமுறையில் அதிலொன்று நிலைத்தது.

சில பெயர்கள் ஒலியால் மாறின: முல்லர் மில்லர் ஆனார், ஷ்னைடர் ஸ்னைடர் ஆனார், யேகர் யேகராகவே எழுத்து மட்டும் மாறினார். சில மொழிபெயர்ந்தன: ஸிம்மர்மான் 'கார்பென்டர்', கோஹ் 'குக்', ஷ்வார்ட்ஸ் 'பிளாக்', கோனிக் 'கிங்'. ஒரே வீட்டு அண்ணன் ஒலியைக் காப்பாற்ற, தம்பி மொழிபெயர்த்துக்கொண்டதும் உண்டு.

இன்னொரு சிக்கல் தமிழ் எழுதுகிற நமக்குச் சட்டென்று பிடிபடும். தென்மேற்கு ஜெர்மன் பேச்சுவழக்கில் 'ப'வின் வல்லொலியும் மெல்லொலியும் கலந்துபோகும். ட, க இரண்டுக்கும் அப்படியே. நாம் ஒரே 'ப'வை வைத்துக்கொண்டு 'பாலு' என்பதையும் 'பால்' என்பதையும் எழுதுவதுபோல, அவர்கள் சொன்ன ஒன்றை ஆங்கிலேயர் இரண்டு விதமாக எழுதினார். எனவே உங்கள் பெயரை முதலில் தமிழில் எழுதுங்கள். அந்தத் தமிழ் எழுத்துக்கு எத்தனை ஆங்கில எழுத்து வரமுடியுமோ அத்தனையிலும் தேடுங்கள். நான் இப்படித்தான் செய்தேன். எங்கள் குடும்பப் பெயருக்கு பதினான்கு வடிவம் கிடைத்தது.

முதல் பெயர் விஷயமும் தெரிந்திருக்கவேண்டும். ஞானஸ்நானத்தில் பையன்களுக்கு யோஹான் என்பதை முன்னால் சேர்த்து இரண்டு பெயர் வைப்பார்கள். யோஹான் கியோர்க், யோஹான் மிக்கேல், யோஹான் பீட்டர். வீட்டில் கூப்பிடுவது இரண்டாவது பெயரைத்தான். ஒரே வீட்டில் ஐந்து யோஹான் இருந்தால் அது பிழையில்லை. ஆனால் 'யோஹான்னஸ்' என்று முழுதாக இருந்தால் அதுவே கூப்பிடும் பெயர், அவர்தான் பிற்காலத்தில் ஜான் ஆவார். பெண்களுக்கு அன்னா, மரியா முன்னால் வரும். பெண்ணின் குடும்பப் பெயரோடு 'இன்' என்ற விகுதி சேரும். முல்லரின் என்றால் முல்லர் வீட்டுப் பெண். அதைத் தனிக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு தேடக்கூடாது.

குழந்தை இறந்துபோனால் அதே பெயரை அடுத்த குழந்தைக்கு வைப்பார்கள். இது ஏன் முக்கியம் என்று கீழே சொல்கிறேன்.

சர்ச் பதிவேடுகள்

அமெரிக்கப் பக்கத்தில் ஊரைக் கண்டுபிடிக்க மிக அதிக வாய்ப்பு உள்ள இடம் இதுதான். ஆகவே குடும்பம் எந்தச் சபை என்பதை முதலில் தீர்மானியுங்கள். லுத்தரன், சீர்திருத்த சபை இரண்டும்தான் பெரியவை. பல ஊர்களில் இரண்டு சபையாரும் ஒரே கட்டடத்தை ஞாயிறு மாற்றி ஞாயிறு பயன்படுத்தினார்கள், பதிவேடு மட்டும் வேறு வேறு. கணவன் ஒரு சபை, மனைவி இன்னொரு சபை என்றும் இருக்கும். ஒன்றில் இல்லையென்றால் மற்றதையும் புரட்டுங்கள்.

ஆரம்பத்தில் போதகர்கள் மிகக் குறைவு. லுத்தரன்களுக்கு ஹென்றி மெல்கியோர் மூலன்பெர்க் 1742இல்தான் வந்து சேர்ந்தார். சீர்திருத்த சபையை ஒழுங்குபடுத்த மைக்கேல் ஷ்லாட்டர் 1746இல் வந்தார். அதற்கு முன்பே குதிரையில் ஊர் ஊராகப் போய் ஞானஸ்நானம் கொடுத்தவர் யோஹான் காஸ்பர் ஸ்டோவர். 1730இலிருந்து அவர் கைப்பட எழுதி வைத்த குறிப்பேடு அச்சில் வந்திருக்கிறது. 1730களில் பிறந்த குழந்தை ஒன்று எந்தச் சபையிலும் இல்லையென்றால் அங்கே பாருங்கள்.

மூலன்பெர்க்கை அனுப்பியது ஜெர்மனியின் ஹாலே நகரத்து ஃப்ராங்கே நிறுவனம். அதே ஹாலேயில் படித்த சீகன்பால்குதான் 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தவர். தரங்கம்பாடியிலிருந்து போன கடிதங்களும் பென்சில்வேனியாவிலிருந்து போன கடிதங்களும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன, ஒரே அச்சகத்தில் அறிக்கைகளாக வெளிவந்தன. தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கும் அதே காப்பகத்தில் என் பேத்தியின் அப்பா வழி முன்னோருக்குக் கல்யாணம் செய்துவைத்த போதகரின் கடிதங்களும் இருக்கின்றன என்று அறிந்த நாளில் எனக்கு வேலை ஓடவில்லை. என் அம்மா வழிப் பாட்டி பொறையாறுக்காரர்.

ஞானஸ்நானப் பதிவில் பெற்றோர் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். ஞானப்பெற்றோராக நின்றவர்கள் யார்? பெரும்பாலும் கூடப்பிறந்தவர்கள், மாமன் மச்சான், அல்லது ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள். ஒரு தம்பதிக்குப் பிறந்த எல்லாக் குழந்தைகளின் ஞானப்பெற்றோரையும் வரிசையாக எழுதினால், யார் திரும்பத் திரும்ப வருகிறார் என்று தெரியும். அடக்கப் பதிவுகளை அதைவிடக் கூர்ந்து படிக்கவேண்டும். வயதை ஆண்டு, மாதம், நாள் என்று எழுதியிருந்தால் பிறந்த தேதியைக் கணக்கிடலாம். சில போதகர்கள் இறந்தவர் பிறந்த ஊரையும் அங்கேயே எழுதிவிடுவார்கள்.

பென்சில்வேனியாவின் பெத்லகேமில் குடியேறிய மொரேவிய சபையார் வம்சத்தில் வந்தவராக இருந்தால் நீங்கள் பாக்கியசாலி. அவர்கள் சபையில் ஒவ்வொருவருக்கும் ஒரு வாழ்க்கைக் குறிப்பு எழுதி, அடக்கத்தின்போது வாசிப்பார்கள். பிறந்த ஊர், பெற்றோர், கடல் பயணம் எல்லாம் அதில் இருக்கும். மென்னோனைட், அமிஷ் குடும்பங்களுக்கு நேர் எதிர் நிலைமை. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை, ஆகவே அந்தப் பதிவே இல்லை. அங்கே நிலம், உயில், குடும்ப பைபிள்தான் வழி.

சர்ச்சுக்கு வெளியே இரண்டு பொருள்களைத் தேடிப்பாருங்கள். ஒன்று டௌஃப்ஷைன் என்னும் ஞானஸ்நானச் சான்றிதழ். பறவையும் பூவும் தேவதையும் வண்ணத்தில் வரைந்து, நடுவில் குழந்தையின் பெயர், பெற்றோர், தாயின் பிறந்த வீட்டுப் பெயர் எழுதியிருக்கும். இரண்டாவது, அமெரிக்கப் புரட்சிப் போரில் சண்டையிட்டவர்களின் ஓய்வூதியக் கோப்புகள். கல்யாணமானதை நிரூபிக்க விதவைகள் குடும்ப பைபிளின் பக்கத்தைக் கிழித்தே இணைத்து அனுப்பினார்கள். அந்தப் பக்கங்கள் இன்றும் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகக் கோப்புகளில் இருக்கின்றன.

கப்பல் பட்டியல்

1727 செப்டம்பரிலிருந்து ஃபிலடெல்ஃபியாவில் இறங்கிய ஜெர்மானிய ஆண்கள் ஆங்கிலேய அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கவேண்டியிருந்தது. முதல் கப்பல் 'வில்லியம் அண்ட் சாரா'. ஒரு கப்பலுக்கு மூன்று பட்டியல்கள் வரை உண்டு: கேப்டன் கொடுத்த பயணிகள் பட்டியல், விசுவாசப் பிரமாணத்தில் இட்ட கையெழுத்துகள், பழைய அரச வம்சத்தையும் போப்பையும் மறுக்கும் பிரமாணத்தில் இட்ட கையெழுத்துகள். இவற்றை ஸ்ட்ராஸ்பர்கர் தொகுக்க, ஹிங்கே சரிபார்க்க, 1934இல் மூன்று தொகுதிகளாக அச்சிட்டார்கள். இரண்டாம் தொகுதி முழுக்கக் கையெழுத்துகளின் நகல். சில மறுபதிப்புகளில் அதை விட்டுவிட்டார்கள். அது உள்ள பதிப்பைத் தேடிப்பிடியுங்கள்.

ஏனென்றால் கேப்டன் பட்டியல் ஆங்கிலேயர் காதில் விழுந்த பெயர். கையெழுத்து உங்கள் ஆளே எழுதியது. எழுதத் தெரியாதவருக்கு எழுத்தர் பெயரை எழுத, அவர் ஒரு குறி மட்டும் போட்டிருப்பார். கையெழுத்தை லான்காஸ்டரிலுள்ள உயிலின் கையெழுத்தோடு ஒப்பிடலாம். மூன்று ஹான்ஸ் மில்லரில் ஒருவரைத் தனியே எடுக்க இது நல்ல வழி. குறி போடுகிறவர் ஒருவர், எழுதத் தெரிந்தவர் ஒருவர் என்றாலே வேறு வேறு ஆள்.

பட்டியலின் குறைகளைப் புரிந்துகொள்ளாமல் பயன்படுத்தினால் ஏமாறுவோம். பிரமாணம் பதினாறு வயது நிரம்பிய ஆண்களுக்கு மட்டும். பெண்களும் குழந்தைகளும் சில கேப்டன் பட்டியல்களில் மட்டும் இருக்கிறார்கள். நோயாகக் கிடந்தவர் பிரமாணத்துக்குப் போயிருக்கமாட்டார். கேப்டன் பட்டியலில் இருந்து கையெழுத்தில் இல்லாதவர்கள் பலர் இப்படித்தான். தந்தை கடலில் இறந்து, தாயும் பன்னிரண்டு வயது மகனும் மட்டும் கரை சேர்ந்திருந்தால் அந்தக் குடும்பமே பட்டியலில் இருக்காது. 1727க்கு முந்தியவர்களுக்கும் இந்த வரிசைப் பட்டியல் கிடையாது. இந்தத் தொகுதிகளில் இருப்பது ஃபிலடெல்ஃபியா மட்டும். அன்னாபொலிஸிலோ சார்லஸ்டனிலோ இறங்கியவர்கள் இதில் வரமாட்டார்கள்.

வந்த ஆண்டைச் சுற்றி வளைக்க இன்னொரு வழி, குடியுரிமைப் பதிவு. 1740ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஏழு வருடம் காலனியில் வாழ்ந்து, மூன்று மாதத்துக்குள் நற்கருணை வாங்கியிருந்தால் குடியுரிமை கிடைக்கும். எனவே 1750இல் குடியுரிமை பெற்றவர் 1743க்குள் வந்திருக்கவேண்டும். நற்கருணை வாங்கிய தேதியும் பதிவில் இருக்கும்.

கப்பலில் உங்கள் பெயர் கிடைத்தவுடன் அந்த ஒரு பெயரை எழுதிக்கொண்டு மூடிவிடாதீர்கள். அந்தக் கப்பலின் முழுப் பட்டியலையும் எடுங்கள். சர்வே வரைபடத்திலிருந்து எழுதி வைத்தீர்களே நான்கு பெயர்கள், ஞானப்பெற்றோர் பட்டியல், உயில் சாட்சிகள், எல்லாவற்றையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் வருகிறவர்கள் யார்? எங்களுக்கு மூன்று பேர் கிடைத்தார்கள். எங்கள் ஆளின் பெயர் எங்கும் காணக்கூடியது. ஆனால் அந்த மூவரில் ஒருவரின் குடும்பப் பெயர் மிக அபூர்வமானது. அந்த அபூர்வப் பெயரைத்தான் ஜெர்மனியில் தேடினேன். இரண்டே ஊர்களில் வந்தது. எங்கள் ஆள் அதில் ஒன்றுக்குப் பக்கத்து ஊர், நான்கு கிலோமீட்டர்.

ஜெர்மன் பக்கம்

அங்கேயும் அடிப்படை ஆவணம் சர்ச் பதிவேடுதான். புராட்டஸ்டன்ட் பதிவேடுகளுக்கு ஆர்க்கியான் என்ற கட்டணத் தளம், கத்தோலிக்கப் பதிவேடுகளுக்கு மெட்ரிகுலா என்ற இலவசத் தளம். ஃபேமிலிசர்ச் இலவசம், அதில் அட்டவணைப்படுத்திய பதிவுகள் நிறைய. பல ஊர்களுக்கு, அந்த ஊரின் எல்லாக் குடும்பங்களையும் பதிவேட்டிலிருந்து எடுத்து வரிசைப்படுத்திய ஊர்க் குடும்ப நூல்களும் உண்டு. கைசர்ஸ்லாட்டர்னில் பாலடினேட் வரலாற்றுக்கான நிறுவனம் ஒன்று வெளியேறியவர்களுக்காகவே அட்டைத் தொகுப்பு வைத்திருக்கிறது. சுவிஸ் பக்கம் சந்தேகம் இருந்தால், 1734 முதல் 1744 வரை வெளியேறியவர்களின் பட்டியலைப் போதகர்களிடம் கேட்டு வாங்கிய சூரிச் அரசின் ஆவணங்கள் அச்சில் இருக்கின்றன.

பதிவேட்டின் ஓரக் குறிப்புகளைப் பாருங்கள். "பென்சில்வேனியாவுக்குப் போய்விட்டார்", "புதிய நாட்டுக்கு" என்று போதகர் எழுதியிருப்பார். அதுபோல, நிலப்பிரபுவுக்குக் கட்டுப்பட்ட குடிகள் ஊரைவிட்டுப் போக விடுதலைக் கட்டணமும் சொத்து வரியும் கட்டவேண்டியிருந்தது. பல இடங்களில் சொத்தில் பத்தில் ஒரு பங்கு. அந்த ரசீதுப் பதிவுகள் மாநில ஆவணக் காப்பகங்களில் உள்ளன. கட்டாமல் இரவோடு இரவாகப் போனவர்களும் உண்டு. அவர்கள் பெயர் பல வருடம் கழித்து, வராத பங்கைக் கேட்டு எழுந்த சொத்துத் தகராறில் வரும்.

கையெழுத்து பயமுறுத்தும். குர்ரெண்ட் என்ற பழைய எழுத்துமுறை. அதில் 'எ' ஒலிக்கான எழுத்து, 'ன'வுக்கான எழுத்துபோல இரண்டு கோடாக இருக்கும். 'உ'வுக்கான எழுத்தின் மேல் ஒரு வளைவு போட்டு வேறுபடுத்துவார்கள். முழு எழுத்தையும் கற்றபிறகு தொடங்கலாம் என்று காத்திருக்கவேண்டாம். தேடும் குடும்பப் பெயரை அந்த எழுத்தில் நீங்களே ஐம்பது தடவை எழுதுங்கள். அதன் வடிவம் கண்ணில் பதிந்துவிடும். பிறகு ஒரு பக்கத்தில் அது எங்கிருந்தாலும் தானே தெரியும். மாதப் பெயரில் ஒரு கண்ணி இருக்கிறது: '7பெர்' என்று எழுதியிருந்தால் ஏழாம் மாதம் அல்ல, செப்டம்பர். '8பெர்' அக்டோபர்.

நாள்காட்டியும் வேறு. ஆங்கிலேயக் காலனிகள் 1752 செப்டம்பர் வரை பழைய நாள்காட்டியில் இருந்தன, ஜெர்மன் பகுதிகள் 1700க்குள் புதியதுக்கு மாறிவிட்டன. இடையில் பதினொரு நாள் வித்தியாசம். அதோடு ஆங்கிலேயருக்குப் புத்தாண்டு மார்ச் 25. எனவே பிப்ரவரித் தேதிகளில் 1740/41 என்று இரட்டை ஆண்டு எழுதியிருந்தால் நம் கணக்கில் 1741.

இப்போது அந்த எட்டு மாதம். சரியான பெயர், சரியான வயது, சரியான வட்டாரம். ஒரு பையனின் ஞானஸ்நானம் கிடைத்தது. இணையத்தில் முப்பது குடும்ப மரங்கள் அதே ஆளைத்தான் காட்டின. அவன் பெற்றோர், பாட்டன், முப்பாட்டன் என்று நான்கு தலைமுறை கட்டினேன், சம்பந்தியம்மாவுக்கும் எழுதிவிட்டேன். பிறகு வேறு எதையோ தேடும்போது அதே பதிவேட்டின் பின்பக்கத்தில் அவன் அடக்கப் பதிவு கண்ணில் பட்டது. நான்கு வயது. அந்த முப்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்து எழுதியவர்கள். யாரும் அடக்கப் பக்கத்தைத் திருப்பவில்லை, நானும் திருப்பவில்லை. சம்பந்தியம்மாவிடம் போனில் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. அவர் அந்தக் குழந்தையின் பெயரை ஒருமுறை சொல்லச் சொன்னார்.

ஆகவே ஞானஸ்நானம் கிடைத்தால் அடுத்த வேலை, அதே ஊரின் அடக்கப் பதிவை முப்பது வருடத்துக்குப் படிப்பது. குழந்தையாக இறந்தானா? பெரியவனாகி அங்கேயே கல்யாணம் செய்து அங்கேயே இறந்தானா? இரண்டும் இல்லை, ஒரு குறிப்பிட்ட ஆண்டோடு அந்தக் குடும்பமே பதிவேட்டிலிருந்து மறைகிறது, அதே ஆண்டோ அடுத்த ஆண்டோ ஃபிலடெல்ஃபியாவில் தெரிகிறது, மனைவி பெயரும் மூத்த பிள்ளைகள் பெயரும் ஒத்துவருகின்றன, கூட வந்தவர்களும் அதே சுற்றுவட்டாரம் என்றால் நம்பலாம். டிஎன்ஏ சோதனை இந்தத் தொலைவில் அதிகம் உதவாது. எட்டு ஒன்பது தலைமுறைக்கு முந்திய ஒருவரிடமிருந்து வரும் பங்கு மிகச் சிறியது. தந்தை வழி ஆண்களுக்கான ஒய் குரோமோசோம் சோதனை மட்டும், ஒரே பெயருள்ள இரண்டு குடும்பங்கள் ஒரே வேரா என்று சொல்லும்.

ஜெர்மன் காப்பகத்துக்கு எழுதும்போது ஜெர்மனிலேயே, சுருக்கமாக, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பெயர், சபை, பிறந்த ஆண்டு, கிளம்பிய ஆண்டு, ஏன் அந்த ஊர் என்று நினைக்கிறீர்கள். குடும்பக் கதை வேண்டாம். ஆறு வாரத்தில் எனக்குப் பதில் வந்தது.

ஊர் கிடைத்தபிறகு மேலே போக ஆசை வரும். பாலடினேட், க்ரைக்காவ் பக்கம் பல ஊர்களில் பதிவேடு 1650ஐ ஒட்டித்தான் தொடங்குகிறது. முப்பதாண்டுப் போர் அதற்கு முந்தியதை அழித்துவிட்டது. ஆனால் அந்த முதல் பக்கங்களில் கல்யாணமான மாப்பிள்ளைகளின் பெயருக்கு எதிரே "பெர்ன் பகுதி", "சூரிச் பகுதி" என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். போரில் ஆளொழிந்த கிராமங்களை நிரப்ப அப்போது சுவிட்சர்லாந்திலிருந்து நிறையப் பேர் வந்து குடியேறினார்கள். எங்கள் பதிவேட்டில் 1661இல் அப்படி ஒரு வரி இருக்கிறது. பெர்ன் பதிவேடுகள் அதற்கும் நூறு வருடம் முன்னால் தொடங்குகின்றன. இந்தக் குளிர்காலத்தில் அதைத் திறக்கப் போகிறேன்.